திரை கட்டிய வண்டி

தாம்பரம் ரயிலடியில் கேலியும் உரசலும் பட்டு வரும் பெண் வீட்டிலே வாய் திறப்பதில்லை. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களே என்ற அச்சம்! அப்படி நிறுத்த எண்ணும் பெற்றோருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைவூட்டுகிறோம்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆடவர் பயின்ற மன்னர் கல்லூரியில் அவர் சேர முயன்றதும் வைதிகர் குதித்தனர். தாயின் குலத்தைக் காட்டிப் பழித்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடமளித்தார். ஆனால் போவது மூடு வண்டியில், வகுப்பில் அமர்வது திரை மறைவில்! வெறிக்கும் கண்களுக்குக் கட்டில்லை. படிக்க வந்தவளுக்குத் திரை. என்ன நியாயமோ! ஆயினும் தந்தை நாராயணசாமி மகளை வீட்டில் முடக்கினாரில்லை, திரையோடேனும் அனுப்பினார்.

1912-இல் அந்த மகள் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் சென்னைச் சட்டசபைக்குத் துணைத் தலைவருமானார். 1930-இல் விடுதிகள் சேர்க்க மறுத்த தேவதாசிக் குலச் சிறுமியர் அவர் வாசலுக்கு வந்தனர். கதவு திறந்தது. அடையாற்று அவ்வை இல்லம் அப்படிப் பிறந்ததுதான்.

இன்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. 181 என்ற தொலைபேசி எண் உண்டு. மகள் சொல்ல வந்தால், அந்த வழியே ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். எந்த ரயில், எந்தப் பிளாட்பாரம், என்ன நேரம் என்று கேட்டு, அவளோடு சென்று போலீசில் எழுதிக் கொடுங்கள்.