கோகலேயும் ஊர்ப் பள்ளியும்

பம்பாய் மாகாணத்து இரத்தினகிரி மாவட்டத்தில், கோட்லுக் என்னும் சிற்றூரில், 1866-ஆம் ஆண்டு மே திங்கள் 9-ஆம் நாள் கோபால கிருஷ்ண கோகலே பிறந்தார். அவர்தம் பதின்மூன்றாம் வயதில் தந்தையார் இயற்கை எய்தினார். குடும்பம் தளர்ந்தது. தமையனார் கோவிந்தர் தம் கல்வியை இடையில் நிறுத்தி, மாதம் 15 ரூபாய் ஊதியத்தில் ஒரு பணியில் அமர்ந்தார். அதில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பிவிட்டு, எஞ்சிய 7 ரூபாயில் குடும்பத்தைக் காத்தார். ஒருவர் கற்பதற்காக மற்றொருவர் கல்வியைத் துறக்க நேர்ந்தது. அந்நாளைய ஏழை வீடுகளில் இது புதுமையன்று. கற்றவர் ஒருவரேனும் இருந்த வீடு பேறு பெற்ற வீடாகும்.

1884-இல் பட்டம் பெற்ற கோகலே, அதன்பின் புனா நகரில் ஆசிரியப் பணி மேற்கொண்டார். மாணவர்க்கு அவர் எழுதிய கணக்கு நூல் பள்ளிகள் பலவற்றில் பாடமாயிற்று. அந்தக் கணக்கறிவே பின்னர் நாட்டின் வரவு செலவை ஆராய அவருக்குத் துணை நின்றது.

1902-இல் அவர் இந்தியச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். அக்காலத்தில் ஏறத்தாழ 37 கிலோ எடையுள்ள ஒரு மணங்கு உப்புக்கு வரி இரண்டரை ரூபாய். மாளிகையில் வாழ்வோனும் குடிசையில் வாழ்வோனும் உண்ணும் உப்பின் அளவு ஏறக்குறைய ஒன்றே. ஆதலால் வரியின் சுமை ஏழையையே மிகுதியும் அழுத்தியது. கருவூலத்திலோ ஆண்டுதோறும் பணம் மிகுந்தது. மக்கள் வாடும்போது கருவூலம் மட்டும் வளர்வது முறையாகுமா என்று கோகலே புள்ளிவிவரங்களை அடுக்கி வினவினார். 1903 முதல் அவ்வரி படிப்படியாகக் குறைந்து, 1907-இல் ஒரு ரூபாய் ஆயிற்று.

ஏழை கொடுத்த வரியில் ஒரு பங்கேனும் அவன் குழந்தைக்குப் பள்ளியாகத் திரும்பியதா? அன்று ஐந்து ஊர்களில் நான்குக்குப் பள்ளியே இல்லை. பரோடா அரசரோ 1906-இலேயே தம் நாடு முழுவதும் கட்டாயத் தொடக்கக் கல்வியைப் பரப்பியிருந்தார். அவரால் இயன்றது பேரரசால் இயலாதா என்பது கோகலேயின் வாதம். 1911 மார்ச் 16-ஆம் நாள் அவர் ஒரு சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தார். 6 முதல் 10 வயது வரையுள்ள சிறுவர்க்குக் கட்டாயக் கல்வி அளிக்க உள்ளூர் அமைப்புகள் முன்வரலாம். அதற்கெனத் தனி வரியும் விதிக்கலாம். மாத வருவாய் 10 ரூபாய்க்குக் குறைந்தோரிடம் கட்டணம் வாங்கலாகாது. செலவு முழுவதையும் உள்ளூரே தாங்குமாயின், செல்வ வளமுள்ள ஊர்க்கு நல்ல பள்ளியும் வறண்ட ஊர்க்கு வெறுந்திண்ணையுமே வாய்க்கும். ஆதலால் மூன்றில் இரண்டு பங்கை அரசு ஏற்க வேண்டும் என அவர் வற்புறுத்தினார்.

பணத்துக்கு எங்கே போவது என்னும் வினாவுக்கும் அவர் விடை வைத்திருந்தார். இறக்குமதித் தீர்வையை உயர்த்தலாம் என்றார். வேறு வழியில்லையேல் உப்பு வரியை மணங்குக்கு எட்டணா கூட்டவும் இசைவேன் என்றார். உப்பு வரியை எதிர்த்து வாதாடியவரே இங்ஙனம் கூறியது வியப்புக்குரியது. மக்கள் உப்பைக் குறைத்து உண்பதைவிட அவர்தம் மக்கள் அறியாமையில் வளர்வதே பெருந்தீங்கு என அவர் கருதினார். எனினும் ஏழையின் உப்பைத் தொடாமலே பள்ளி நடத்தும் வழியன்றோ முதலில் தேடற்பாலது!

அரசு செலவுக்கு அஞ்சியது. நிலவுடைமையாளர் சிலர், உழவுவேலைக்கு ஆள் கிடைக்காது என அஞ்சினர். 1912 மார்ச் 19-ஆம் நாள் முன்வரைவு வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 13, எதிர்ப்பு 38. தோல்வியை அவர் முன்பே எதிர்பார்த்திருந்தார்.

1915 பிப்ரவரி 19-ஆம் நாள், தம் நாற்பத்தெட்டாம் வயதில் கோகலே மறைந்தார். அவர் 1905-இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமையை வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் ஏற்றார்; அவரும் முன்னாள் பள்ளி ஆசிரியரே. சென்னை மாகாணத்தில் 1920-இல் தொடக்கக் கல்விச் சட்டம் பிறந்தது. 2004-இல் நடுவணரசு தன் வரிகளின்மேல் 2 விழுக்காடு கல்வித் தீர்வை விதித்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி வழங்கும் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கோகலே வாதாடிய நாளில் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்து, 1954-இல் இந்திய ஆட்சியில் சேர்ந்த புதுவைப் பகுதியின் பூரணாங்குப்பத்துச் சிறுவனுக்கும் சிறுமிக்கும் அச்சட்டம் உரியது.