இருபத்துநான்கு ஆண்டு காத்திருந்தவர்

1899-ம் ஆண்டு. கல்கத்தா நகரம் முழுவதும் ஒரே பேச்சு. நகரசபை உறுப்பினர்கள் 28 பேர் ஒன்றாக ராஜிநாமாச் செய்துவிட்டார்கள்!

அவர்கள் குற்றம் செய்து அகப்பட்டுக்கொண்டவர்கள் அல்ல. பதவி சலித்துப் போனவர்களும் அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய சபையைச் சர்க்கார் ஒரே சட்டத்தினால் செல்லாக்காசு ஆக்கிவிட்டது. அங்கே பொம்மையாக உட்கார்ந்திருக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

அந்த 28 பேரில் ஒருவர் சுரேந்திரநாத் பானர்ஜி. பிற்காலத்தில் ராஷ்டிரகுரு என்று நாடு போற்றியவர்.

பறிபோன உத்தியோகம்

சுரேந்திரநாத் 1848-ம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஒரு டாக்டர். மகன் லண்டனுக்குப் போய், வெள்ளைக்காரர்களோடு போட்டியிட்டு ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறினார். வயதில் தகராறு இருக்கிறது என்று சொல்லி அதிகாரிகள் அவர் பெயரை நீக்கினார்கள். அவர் கோர்ட்டுக்குப் போய் வென்றார்.

சில்ஹெட்டில் உதவி மாஜிஸ்திரேட் வேலை கிடைத்தது. அதுவும் நிலைக்கவில்லை. ஒரு வழக்கின் பதிவில் நேர்ந்த தவறைப் பெரிதுபடுத்தி, 1874-ல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். லண்டன் வரை சென்று முறையிட்டும் பலன் இல்லை. வக்கீல் தொழில் பார்க்கவும் அனுமதி மறுத்தார்கள்.

கையில் வேலை இல்லாமல் ஊர் திரும்பியவருக்குக் கைகொடுத்தவர் ஈசுவர சந்திர வித்தியாசாகர். தமது கல்லூரியில் ஆசிரியர் வேலை தந்தார். மாணவர்கள் சுரேந்திரநாத்தின் பேச்சில் மயங்கினார்கள். அதிகாரி ஆகவேண்டியவர் மக்களின் ஆசான் ஆனார்.

1876-ல் அவர் இந்தியச் சங்கத்தைத் தொடங்கினார். தொடக்கக் கூட்டம் நடந்த அதே நாளில் அவருடைய மகன் இறந்துபோனான். துக்கத்தை நெஞ்சில் அடக்கிக்கொண்டு சுரேந்திரநாத் கூட்டத்துக்கு வந்தார்.

மக்கள் அனுப்பிய சபை

அதே 1876-ல் கல்கத்தா நகரசபைக்கு ஒரு புது வழி பிறந்தது. வரி கட்டுவோர் ஓட்டுப் போட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டம் வந்தது. சபையில் 72 இடங்கள். அவற்றில் 48 இடங்கள் தேர்தலுக்கு. தலைவர் மட்டும் சர்க்கார் நியமிக்கும் அதிகாரி.

சுரேந்திரநாத் உறுப்பினர் ஆனார். 23 ஆண்டுகள் அந்தச் சபையில் உழைத்தார்.

நகரசபை வேலை என்றால் சாமானியமா? குழாயில் நல்ல தண்ணீர் வரவேண்டும். சாக்கடை தேங்காமல் ஓடவேண்டும். தெருவிளக்கு எரியவேண்டும். குப்பை அள்ளவேண்டும். ஒவ்வொரு வீட்டு அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் சம்பந்தப்பட்ட வேலை அது. அதைத் தங்கள் ஆட்களே செய்வதை மக்கள் பெருமையாக நினைத்தார்கள்.

வெள்ளைக்கார வியாபாரிகளுக்கும் அதிகாரிகளுக்கும் இது பிடிக்கவில்லை. சபையில் பேச்சுத்தான் அதிகம், சுகாதாரம் கவனிப்பாரில்லை என்று குறை கூறினார்கள். வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் அலெக்சாண்டர் மெக்கன்சி, சபையின் அதிகாரத்தைக் குறைக்கப் புது மசோதா கொண்டுவந்தார். 1899-ல் வைசிராயாக வந்த கர்சான் அதோடு நிற்கவில்லை. தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர் தொகையையே பாதியாக வெட்டச் செய்தார்.

அப்போது சபையில் மொத்தம் 75 இடங்கள். தேர்தலில் வந்தவர்கள் 50 பேர். புதுச் சட்டத்தில் அந்த 50, 25 ஆகச் சுருங்கியது. நியமனம் பெறுகிறவர்களுக்கும் 25 இடம். அவர்களோடு சர்க்கார் தலைவர் ஒருவர். கூட்டிப் பாருங்கள்! வரி கட்டும் மக்களின் குரல் எப்போதும் ஒரு ஓட்டுக் குறைவு.

சுரேந்திரநாத் வங்காளச் சட்டசபையில் இதை எதிர்த்துப் போராடினார். ஊர்தோறும் பேசினார். தமது பெங்காலி பத்திரிகையில் எழுதினார். எதுவும் பலிக்கவில்லை. சட்டம் நிறைவேறியது. அவர் நகரசபையை விட்டு வெளியேறினார்.

திரும்பி வந்த நாள்

காலம் ஓடியது. 1905-ல் கர்சான் வங்காளத்தையே இரண்டாகப் பிரித்தபோது, சுரேந்திரநாத் அந்தக் கிளர்ச்சியின் முன்னணியில் நின்றார். 1911-ல் பிரிவினை ரத்தாயிற்று. ஆனால் நகரசபைச் சட்டம் மட்டும் அசையவில்லை.

1921-ல் மாகாணங்களில் சில இலாகாக்கள் இந்திய மந்திரிகளிடம் வந்தன. சுரேந்திரநாத் வங்காளத்தில் ஸ்தல ஸ்தாபன மந்திரியானார். நகரசபைகள் எல்லாம் அவர் இலாகாவில்தான்!

அது ஒத்துழையாமை இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த காலம். மந்திரி பதவியும் சர் பட்டமும் ஏற்ற கிழவரை இளைஞர்கள் ஏசினார்கள். அவர் பொறுத்துக்கொண்டார். 1923-ல் புதிய கல்கத்தா நகரசபைச் சட்டத்தை நிறைவேற்றினார்.

சபையில் பெரும்பாலான இடங்கள் மீண்டும் தேர்தலுக்கு வந்தன. பெண்களுக்கும் ஓட்டுரிமை கிடைத்தது. சர்க்கார் அனுப்பும் தலைவருக்குப் பதில், சபையே ஒரு மேயரைத் தேர்ந்தெடுக்கலாம். 24 ஆண்டுகளுக்கு முன் பறித்ததை, பறிகொடுத்தவரே மீட்டுக் கொடுத்தார்.

கசப்பும் இனிப்பும்

அதே 1923-ம் ஆண்டு சட்டசபைத் தேர்தல் வந்தது. சுரேந்திரநாத்தை எதிர்த்து நின்றவர் பி. சி. ராய் என்ற இளம் டாக்டர். 75 வயதுக் கிழவர் தோற்றுப்போனார்.

அடுத்த ஆண்டு புதுச் சட்டப்படி நகரசபைத் தேர்தல் நடந்தது. அவரை எதிர்த்த சுயராஜ்யக் கட்சியே வென்றது. சித்தரஞ்சன் தாஸ் முதல் மேயர் ஆனார். 27 வயது சுபாஷ் சந்திர போஸ் தலைமை நிர்வாக அதிகாரி ஆனார். கிழவர் வளர்த்த மரத்தின் பழம் பிறர் கைக்குப் போயிற்று.

சர்க்காரின் கையும் முழுவதும் விலகிவிடவில்லை. 1924 அக்டோபரில் சுபாஷை விசாரணை இல்லாமலே சிறையில் அடைத்தார்கள். அலிப்பூர்ச் சிறையில் இருந்தபடியே அவர் சில காலம் நகரசபைக் காகிதங்களைப் பார்த்தார். பிறகு பர்மாவிலுள்ள மாந்தலே சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஆனாலும் சபையின் பலத்தை 1899-ல் போல ஒடுக்க முடியவில்லை. மக்கள் அனுப்பியவர்களே அங்கே பெரும்பான்மையாக இருந்தார்கள்.

1925-ம் ஆண்டு ஆகஸ்ட் 6-ந் தேதி சுரேந்திரநாத் பாரக்பூரில் காலமானார்.

கல்கத்தா இன்று கொல்கத்தா ஆகிவிட்டது. நகரசபையின் தலைமைக் கட்டிடம் நிற்கும் சாலைக்குச் சுரேந்திரநாத் பானர்ஜி சாலை என்று பெயர். அன்று மனம் நொந்து வெளியேறியவரின் பெயரைச் சொல்லித்தான் இன்று அந்தச் சபைக்கு வழி கேட்கவேண்டும்.