சி மொழி தந்த செம்மல் டென்னிஸ் ரிட்சி

கணிப்பொறியைத் தொட்டவர் எவரும் டென்னிஸ் ரிட்சி என்னும் அறிஞருக்குக் கடன்பட்டவரே. நம் கைப்பேசியின் அடித்தளத்திலும், இணையத்தைத் தாங்கி நிற்கும் பெருங்கணிப்பொறிகளிலும் அவர் படைத்த சி மொழியில் எழுதிய நிரல்களே இயங்குகின்றன. ஆயினும் அவர் பெயரைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். அப்பெருமகனாரின் வாழ்வையும், அவர்தம் மொழியோடு கூடவே வளர்ந்த ஒரு சிக்கலையும் இங்குக் காண்போம்.

இளமையும் கல்வியும்

ரிட்சி 1941 செப்டம்பர் 9 ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள பிராங்ஸ்வில்லில் பிறந்தார். தந்தையார் அலிஸ்டர் ரிட்சி புகழ்பெற்ற பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அறிஞர். மைந்தரோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் பயன்முறைக் கணிதமும் பயின்று, 1967 இல் தந்தை பணியாற்றிய கூடத்திலேயே சேர்ந்தார். 1968 இல் முனைவர் பட்ட ஆய்வேட்டையும் எழுதி முடித்தார். ஆனால் அப்பட்டம் முறைப்படி அவருக்கு வழங்கப்படவே இல்லை. பட்டத்தை நாடாமல் பணியை நாடியவர் அவர்.

யுனிக்ஸ் பிறந்த கதை

மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்திலிருந்து பெல் ஆய்வுக்கூடம் 1969 இல் விலகியது. அவ்வாண்டே கென் தாம்சன் ஒரு சிறிய கணிப்பொறியில் யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமையைத் தொடங்கினார்; ரிட்சி தோள்கொடுத்தார். இயக்க முறைமையின் உயிர்நிலை கெர்னல் எனப்படும் கருப்பகுதி. கல்லணையில் வந்து சேரும் நீரைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பகிர்ந்து விடுவதுபோல, கணிப்பொறியின் நினைவகத்தையும் நேரத்தையும் எல்லா நிரல்களுக்கும் பகிர்ந்து தருவது கெர்னலே. வாய்க்காலில் உடைப்பு என்றால் சில வயல்களோடு போகும். தலைமதகில் உடைப்பு என்றால் டெல்டா முழுவதற்கும் கேடு. கெர்னலில் நேரும் பிழையும் அத்தகையதே.

அந்நாளில் கெர்னலை அந்தந்த இயந்திரத்தின் மொழியிலேயே எழுதுவர். தாம்சன் படைத்த பி மொழியை ரிட்சி வளர்த்தெடுத்துச் சி மொழியாக்கினார். 1972 இல் கெர்னலைச் சி மொழியில் எழுதத் தாம்சன் முயன்று கைவிட்டார். பலவகைத் தரவுகளை ஒரு கட்டாகக் கட்டிவைக்கும் வசதி அம்மொழியில் அப்போது இல்லை. ரிட்சி அவ்வசதியைச் சேர்த்தார். 1973 கோடையில் கெர்னல் சி மொழிக்கு மாறியது. பிரையன் கெர்னிகனோடு இணைந்து அவர் எழுதிய சி மொழி நூல் 1978 இல் வெளிவந்து உலகெங்கும் பரவியது.

தறியும் பிசிறும்

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது கம்பைலர் என்னும் தொகுப்பி. இலக்கணம் பிழைத்தால் அது வேலையை நிறுத்திவிடும். இலக்கணம் சரியாக இருந்து பொருள் ஐயத்துக்கு இடமாக இருந்தால் எச்சரிக்கை மட்டும் தந்து மேலே செல்லும். மதிப்பிடாத மாறியைப் பயன்படுத்துவதும், ஒப்பிட வேண்டிய இடத்தில் ஒற்றைச் சமக்குறி இட்டு மதிப்பையே மாற்றிவிடுவதும் இவ்வகை.

தொடக்கக் காலத் தொகுப்பி இவற்றில் பலவற்றைக் கண்டுகொள்ளவில்லை. முகவரியையும் எண்ணையும் கலந்து எழுதினாலும் ஏற்றுக்கொண்டது. யுனிக்ஸை 16 பிட் இயந்திரத்திலிருந்து 32 பிட் இன்டர்டேட்டா இயந்திரத்துக்குக் கொண்டுசென்றபோதுதான் இத்தளர்ச்சியின் விலை தெரிந்தது. அப்போது ஸ்டீபன் ஜான்சன் லின்ட் என்னும் சோதனை நிரலை உருவாக்கினார். லின்ட் என்றால் துணியில் ஒட்டும் பிசிறு. திருவிடைமருதூரை அடுத்த திருபுவனத்தில் பட்டு நெய்வோர்க்குப் பிசிறின் அருமை தெரியும். புடைவை கிழிந்துவிடவில்லை என்பதற்காகப் பிசிறோடு எவரும் அதை மடித்துவைப்பதில்லை.

பெருந்தன்மை

பி மொழியில் & என்னும் குறி இருவேலை பார்த்தது. சி மொழியில் && என்னும் தனிக்குறியை ரிட்சி சேர்த்தார். ஆயினும் முன்பே எழுதிய நிரல்கள் கெட்டுவிடக் கூடாதென்று, & குறியை == குறிக்குக் கீழான இடத்திலேயே விட்டுவைத்தார். அதனால் இவ்விரண்டையும் அடைப்புக்குறியின்றிச் சேர்த்து எழுதினால் நினைத்தது ஒன்றாகவும் நடப்பது வேறாகவும் முடியும். 1993 இல் சி மொழியின் வரலாற்றை எழுதியபோது, அவ்விடத்தை அன்றே மாற்றியிருந்தால் நலம் என்று அவரே எழுதிவைத்தார். இன்றைய தொகுப்பிகள் அதே இடத்தில் எச்சரிக்கை தருகின்றன. உலகமே போற்றும் படைப்பில் தாமே குறை காட்டிய அவர்தம் உள்ளம்தான் என்னே!

நமக்கு ஒரு பாடம்

1991 இல் பிறந்த லினக்ஸ் கெர்னலும் பெரும்பாலும் சி மொழியாலானதே. 2003 நவம்பரில் அதன் நிரல் நகல் ஒன்றில் எவரோ இரண்டு வரிகளை நுழைத்தனர். ஒப்பிடுவதுபோல் தோன்றும் இடத்தில் ஒற்றைச் சமக்குறி! அது நுழைந்திருந்தால் எளிய பயனரும் கணிப்பொறியின் முழு அதிகாரத்தைக் கவர்ந்திருக்கலாம். கூடுதல் அடைப்புக்குறி இட்டிருந்ததால் தொகுப்பி எச்சரிக்க வழியில்லை. மூலத்தோடு நகலை ஒப்பிட்டவர்களே கண்டுபிடித்தனர். 2021 இல் லைனஸ் டோர்வால்ட்ஸ், எச்சரிக்கை எதுவாயினும் பிழையாகவே கொண்டு தொகுப்பை நிறுத்தும் விதியைக் கொணர்ந்தார். பலருக்குத் தொகுப்பே தடைப்பட, சில நாள்களில் அது சற்றுத் தளர்த்தப்பட்டது. சேர்ந்துவிட்ட பிசிறை ஒரே நாளில் நீக்க இயலாது என்பதற்கு இதுவே சான்று.

மாணவ நண்பர்களே! எச்சரிக்கை வந்தால் வகைமாற்றுக் குறி ஒன்றை இட்டு அதன் வாயை அடைப்பது எளிது. அதனால் திரையில் வரி மறையும், குறை மறையாது. அது ஏன் வந்தது, எந்த மாறியின் வகை எங்கே பிறழ்ந்தது என்று தேடிச்சென்று திருத்துவதே முறை. நிரல் சரியாகவே இருந்தாலும், அடுத்துப் படிப்பவர்க்கு ஐயம் எழாதவாறு தெளிவாக மாற்றி எழுதுவது நன்று.

ரிட்சிக்கு 1983 இல் தாம்சனுடன் டூரிங் விருது கிடைத்தது. 2007 இல் ஓய்வுபெற்ற அவருக்கு 2011 இல் ஜப்பான் பரிசும் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நியூஜெர்சியில் தம் இல்லத்தில் தனிமையில் மறைந்தார். சில நாள் முன்னர் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்த செய்தி உலகெங்கும் பரவியிருந்தது. ரிட்சியின் மறைவை அறிந்தோர் சிலரே. புகழ் தேடாத அவ்வறிஞருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி, நம் கணிப்பொறிக் கூடத்தில் எச்சரிக்கை ஒன்றேனும் படிக்கப்படாமல் போகாதிருக்கச் செய்வதே.