புதுவையில் பாரதியார்

படை வந்தால் கோட்டை வாயிலை அடைத்துத் தடுக்கலாம். வெள்ளம் வந்தால் கரை எழுப்பித் தடுக்கலாம். புதிய எண்ணம் ஒன்று புறப்பட்டு வந்தால் அதனைத் தடுப்பதற்கு வழி யாது? ஆற்றல் மிக்க ஓர் அரசு அவ்வாறு தடுக்க முயன்று தோற்ற வரலாற்றைப் புதுவை நகரம் இன்றும் நமக்கு நினைவூட்டுகின்றது. அவ்வரலாற்றின் தலைவர் கவியரசர் சுப்பிரமணிய பாரதியார்.

அவர் 1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள் எட்டயபுரத்தில், சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே கவி பாடும் திறம் பெற்றமையால் பாரதி என்னும் பட்டத்தை அடைந்தார். தந்தையார் மறைந்தபின் காசி நகர் சென்று வடமொழியும் இந்தியும் பயின்றார். பல நாட்டு மக்களுடன் பழகினார். 1904ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து, 'சுதேசமித்திரன்' இதழில் துணையாசிரியராய் அமர்ந்தார். ஆங்கிலத்தில் வரும் உலகச் செய்திகளை எளிய தமிழில் எழுதுவது அவர்தம் பணியாயிற்று. பின்னர், வங்கத்தில் நிவேதிதா தேவியாரைக் கண்டு உரையாடினார். பெண்டிர் விடுதலை பெறாமல் நாடு விடுதலை பெறாது என்னும் தெளிவு அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று. 1908ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நாட்டுப் பாடல் நூலை அத்தேவியார்க்கே காணிக்கையாக்கினார். புதிய எண்ணங்கள் வெறும் வெளியில் தோன்றுவன அல்ல. கற்றவையும் கண்டவையும் கேட்டவையும் ஒரு நெஞ்சில் கலக்கும்போதே அவை பிறக்கின்றன.

1906ஆம் ஆண்டு தொடங்கப் பெற்ற 'இந்தியா' என்னும் வார இதழ், பாரதியாரின் எண்ணங்களை ஏந்திச் சென்றது. படிப்பறிவு குறைந்தோரும் அரசியலை உணருமாறு அதில் கேலிச் சித்திரங்கள் இடம்பெற்றன. ஆங்கில அரசு சினங்கொண்டது. 1908ஆம் ஆண்டில் அவ்விதழின் பொறுப்பாளர் சிறைப்பட்டார். பாரதியாரையும் சிறை செய்வர் என்று அஞ்சிய நண்பர்கள், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுவைக்கு அவரை அனுப்பிவைத்தனர். அங்கிருந்து 'இந்தியா' மீண்டும் வெளிவந்தது. ஆங்கில அரசோ, தன் எல்லைக்குள் அவ்விதழ் நுழைதலாகாது எனத் தடை விதித்தது. படிப்போரிடம் செல்ல முடியாத இதழ் எங்ஙனம் வாழும்? 1910ஆம் ஆண்டில் அது நின்றுபோயிற்று.

வருவாய் அற்றது; வறுமை வீட்டில் குடிபுகுந்தது. ஒற்றர்கள் நிழல்போல் தொடர்ந்தனர். இந்நிலையில் பிறர் மனம் சோர்ந்திருப்பர். பாரதியாரோ, சிறிது காலத்திற்கே பயன்படும் இதழ் கையைவிட்டுப் போனபின், நெடுங்காலம் நிலைக்கும் நூல்களை ஆக்கலானார். கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் புதுவையிலேயே தோன்றின. 1912ஆம் ஆண்டில் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் வெளிவந்தது. அடிமையுற்ற நாட்டின் துயரைப் பழைய பாரதக் கதையில் அமைத்து, எளிய சொற்களால் அவர் பாடினார். பகைவர் இட்ட தடையே தமிழுக்குப் பெருஞ்செல்வத்தைத் தேடித் தந்தது எனலாம்.

அச்சேறிய தாளை எல்லையில் மறிக்கலாம். அருகிருந்து கேட்போரின் நெஞ்சை மறிக்க இயலாது. புதுவையில் ஆசிரியராய் இருந்த சுப்புரத்தினம் என்னும் இளைஞர் பாரதியாரிடம் பேரன்பு பூண்டு, தம் பெயரையே பாரதிதாசன் என மாற்றிக்கொண்டார். பின்னாளில் தாமும் பெருங்கவிஞராய் விளங்கினார். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த கனகலிங்கம் என்பார்க்குப் பாரதியார் தம் கையாலேயே பூணூல் அணிவித்தார். சாதி வேற்றுமை கூடாது என்று பாடியதோடு நில்லாமல், ஊரார் பழிப்பினும் அஞ்சாது செய்தும் காட்டினார்.

1918ஆம் ஆண்டில் அவர் புதுவையை விட்டு வெளியேறியபோது, கடலூர் அருகே சிறைப்பிடிக்கப்பட்டு, சில வாரங்களுக்குப்பின் விடுதலையானார். 1920ஆம் ஆண்டில் தம் நூல்கள் அனைத்தையும் நாற்பது பகுதிகளாக, பகுதிக்குப் பதினாயிரம் படிகள் வீதம் அச்சிட விரும்பிப் பலரிடமும் பொருளுதவி வேண்டினார். உதவுவார் இல்லை, அத்திட்டம் கைகூடவில்லை. மறு ஆண்டு செப்டம்பர்த் திங்களில், முப்பத்தொன்பது வயது நிறையுமுன்னரே, அவர் சென்னையில் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் சென்றோர் மிகச் சிலரே.

எனினும், அவர் விதைத்த விதை மடியவில்லை. அவர்தம் துணைவியார் செல்லம்மாளும் உறவினரும் அவருடைய பாடல்களை அச்சிட்டனர். 1928ஆம் ஆண்டில் அரசு அந்நூல்களைப் பறிமுதல் செய்தது. சென்னைச் சட்டமன்றத்தில் கடுங்கண்டனம் எழுந்தது. விடுதலைக்குப்பின் காலம் மாறிற்று. எந்தப் பாடல்களை முன்னர் அரசு பறித்ததோ, அவற்றின் உரிமையை 1949ஆம் ஆண்டில் சென்னை அரசே விலை கொடுத்துப் பெற்றது. 1955ஆம் ஆண்டில் அவற்றை மக்களின் பொதுவுடைமை ஆக்கிற்று. அன்று பதினாயிரம் படிகள் அச்சிடப் பொருளின்றி வாடிய கவிஞரின் நூல்களை, இன்று எவரும் அச்சிடலாம், எவரும் பாடலாம்.

புதுவையில் ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவில்லமாய்த் திகழ்கின்றது. அங்குச் செல்வோர் ஓர் உண்மையை உணர்வர்: நல்லெண்ணத்தின் வெற்றியை அது பிறந்த நாளிலேயே அளந்துவிட முடியாது. அதனை அஞ்சாது ஏற்று வாழும் சிலர் இருப்பின், ஒருநாள் அது நாடு முழுவதற்கும் உரியதாகும்.