மலேரியா மருந்தில் மின்னிய குரோமோசோம்
மனித உடம்பின் செல்களில் நூல் துண்டுகள் போல 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. தாயிடம் இருந்து 23. தகப்பனிடம் இருந்து 23. கண்ணின் நிறம் முதல் பரம்பரை நோய் வரை பிள்ளைக்கு வந்து சேருவது இவற்றின் வழியாகத்தான்.

இவை 46 என்பதே 1956-ம் ஆண்டில்தான் உறுதியாயிற்று. அதன் பிறகும் ஒரு தொல்லை தீரவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரே அளவுள்ள குரோமோசோம்கள் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரிந்தன. நோயாளியின் உடம்பில் ஒரு குரோமோசோம் ஒடிந்திருக்கும். ஒடிந்தது எது என்று சொல்ல முடியாமல் டாக்டர்கள் திணறினார்கள்.

இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் தோர்பியோர்ன் காஸ்பர்சன்.

1910-ம் ஆண்டு சுவீடன் நாட்டில் மோத்தாலா என்ற ஊரில் பிறந்தார். படித்தது வைத்தியம். பெயர் வாங்கிக் கொடுத்தது மைக்ராஸ்கோப்! கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைச் செல்லுக்குள் பாய்ச்சினார். குரோமோசோமில் உள்ள அமிலம் அந்த ஒளியை விழுங்கும். விழுங்கிய ஒளியை அளந்து, அமிலம் எவ்வளவு என்று கணக்கிட்டார். 1936-ல் இதற்காக டாக்டர் பட்டம் பெற்றார். 1944-ல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா மருத்துவக் கல்வி நிலையத்தில் பேராசிரியர் ஆனார்.

சாயமான மருந்து

குவினக்ரின் என்பது மலேரியா மருந்து. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் தின்றது. தின்றவர்களின் தோல் மஞ்சளாகிவிடும். இதன் மூலக்கூறைச் சற்று மாற்றி, குரோமோசோமில் ஒட்டிக்கொண்டு ஒளிவிடும் சாயம் ஒன்றை அமெரிக்காவில் பாஸ்டன் நகர விஞ்ஞானிகள் செய்தார்கள். காஸ்பர்சன் அவர்களுடன் சேர்ந்துகொண்டார்.

குரோமோசோமின் அமிலத்தில் நான்கு வகைப் பொருள்கள் உண்டு. அவற்றில் குவானைன் மிகுந்த இடத்தில் சாயம் ஒட்டும், அங்கேதான் ஒளி தெரியும் என்று எதிர்பார்த்தார்கள். 1968-ல் செடிகளின் குரோமோசோமில் வரி வரியாக ஒளி தெரிந்தது. ஆனால் பளிச்சென்று மின்னியது குவானைன் குறைந்த இடம் என்பது பிறகு தெரிந்தது. கணக்கு தப்பியது, காரியம் பலித்தது!

அடுத்து மனித குரோமோசோம். ஒவ்வொன்றிலும் தனித்தனி வரிகள்! ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒய் குரோமோசோமின் ஒரு முனை எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று ஒளிர்ந்தது. மைக்ராஸ்கோப்பில் இதைக் கண்டவர் உடன் வேலை செய்த லோரே செக் என்ற அம்மையார். காஸ்பர்சனின் பெயர் பரவிய அளவுக்கு இவர் பெயர் பரவவில்லை. அது குறைதான்.

ஒளி சீக்கிரம் மங்கிவிடும். அதற்குள் போட்டோ எடுத்துவிட வேண்டும். இப்படி 24 வகைக் குரோமோசோம்களுக்கும் அடையாளம் கண்டார்கள். 1971-ல் பாரிசில் கூடிய விஞ்ஞானிகள் இந்த வரிகளையே குரோமோசோம்களின் அடையாளமாக ஏற்றார்கள்.

சாப்பாட்டு மேஜையில்

ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் குட்டையான குரோமோசோம் ஒன்று தெரிவது 1960 முதலே தெரியும். அது 22-வது குரோமோசோம் என்று காஸ்பர்சன் குழு 1970-ல் காட்டியது. சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற பெண் டாக்டர் குரோமோசோம் போட்டோக்களை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வெட்டி அடுக்கிப் பார்ப்பார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அந்த அம்மாதான் 9-வது குரோமோசோமும் 22-வது குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதை 1973-ல் கண்டுபிடித்தார்.

காஸ்பர்சன் 1977-ல் ஓய்வு பெற்றார். 1997-ல், 87-வது வயதில் காலமானார். அந்தத் துண்டு மாற்றத்தால் உண்டாகும் கெட்ட புரதத்தை அடக்கும் மாத்திரைக்கு 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.