முகம் தேடிய அம்மையார்

சென்ற ஆண்டு நம் சங்க நாடக விளம்பரத்துக்காக நடிகர்களின் முகங்களைப் படமெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காமிரா நல்ல காமிராதான். ஆயினும் ஒரு படமும் தேறவில்லை. அரசனும் சேவகனும் ஒன்றுபோல் விறைத்து நின்றார்கள். அந்த வெட்கத்தோடு நூலகத்துள் புகுந்தபோதுதான் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாரின் வரலாறு என் கைக்கு அகப்பட்டது.

அம்மையார் 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். கணவர் சார்லஸ் ஹே கேமரன் சட்ட அறிஞர். இலங்கை ஆட்சிச் சீர்திருத்தத்துக்கென அமைந்த கோல்புரூக் – கேமரன் குழுவின் கேமரன் அவரே. குடும்பம் பின்னர் இங்கிலாந்தின் வைட் தீவில் குடியேறியது. அங்கே 1863-இன் இறுதியில் மகளும் மருமகனும் அம்மையாருக்கு ஒரு காமிராவைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. கோழிக்கூடு கண்ணாடிக் கூடமாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று.

அக்காலத்துப் படவேலையை எண்ணினால் வேதியியல் மாணவனான எனக்கே மலைப்பாக இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து உருத்துலக்கிவிட வேண்டும். கைகள் கறுத்துவிடும். எதிரில் இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையக்கூடாது. அம்மையார் இருண்ட துணியைப் பின்னே தொங்கவிடுவார். ஒரு பக்கத்து ஒளியை மட்டும் உள்ளே விடுவார். தகடு நிறைய முகத்தையே நிரப்புவார். படம் மங்கல் என்று வல்லுநர்கள் ஏசினார்கள். அவர் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

1864-இல் எலன் டெர்ரியைப் படமெடுத்தார். பிற்காலத்தில் ஷேக்ஸ்பியர் நாடகங்களால் பெரும்புகழ் பெற்ற நடிகை அவர். அன்று பதினேழு வயது மணப்பெண். சுவரில் சாய்ந்து, கழுத்து மாலையைப் பற்றி, கண் தாழ்த்தி நிற்கிறார். நடிப்பே இல்லை. என் நாடக நண்பர்களிடம் நான் கேட்கத் தவறியது அதுதான்!

1867-இல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலைத் தேடி அவர் வீட்டுக்கே போனார். படத்தை அழியாமல் நிறுத்தும் 'ஹைப்போ'வின் குணத்தை 1819-இலேயே கண்டறிந்தவர் ஹெர்ஷல். அவருடைய நரைமுடியைக் கழுவிக் கலையவிட்ட பிறகே அம்மையார் படமெடுத்தாராம். டார்வினும் டென்னிசனும்கூட அவர்முன் அமர்ந்தவர்களே.

1875-இல் தம்பதியர் தங்கள் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கே வந்துவிட்டனர். அங்கே எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவாகவே இன்று எஞ்சியுள்ளன. அவற்றில் இருப்போர் பலரும் தோட்டத்தில் உழைத்த தமிழர் என்பர். ஒளி அதே ஒளி. கை அதே கை. ஆனால் ஹெர்ஷலுக்குப் பெயர் உண்டு, டார்வினுக்கு உண்டு. இவர்களுக்கோ களுத்துறைக் குடியானவர் என்பதுபோல் ஒரு பொதுக் குறிப்பே உண்டு. என்னால் அந்தப் பக்கத்தை எளிதில் புரட்ட முடியவில்லை. அந்தப் பெண்களுள் ஒருத்தியின் முகம் மூணாற்று மலையில் கொழுந்து பறித்த என் அம்மாச்சியின் முகத்தை அப்படியே ஒத்திருந்தது.

அம்மையார் 1879 ஜனவரி 26-இல் இலங்கை மலைநாட்டில் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

விடுமுறைக்குப் போனபோது அம்மாச்சியை லயத்துச் சன்னலோரம் அமர்த்தி, பின்னே கறுப்புக் கம்பளியைக் கட்டி, ஒரு படம் எடுத்தேன். அதன் பின்புறத்தில் அவர் பெயரையும் பிறந்த ஊரையும் எழுதினேன். அம்மாச்சிக்குப் படம் பிடிக்கவில்லை. மூக்குத்தி சரியாகத் தெரியவில்லையாம்.