நரம்பணுக்களின் காவலர் டாக்டர் பா. இராமமூர்த்தி

தோலில் பட்ட காயம் சில நாளில் ஆறிவிடுகிறது. முறிந்த எலும்பும் காலத்தால் கூடிவிடுகிறது. ஆனால் மூளையில் மாண்டுபோன நரம்பணு மீண்டும் பிறப்பதில்லை. மனித உடலின் இந்த ஓர் உண்மையே ஒரு மருத்துவப் பெருந்தகையின் வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்டது. இந்திய நரம்பியல் அறுவை மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவராகிய டாக்டர் பா. இராமமூர்த்தியே அப்பெருந்தகை. அவர் நம் திருச்சிராப்பள்ளியில் பள்ளிக்கல்வி பயின்றவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

சீர்காழியில் 1922ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் இராமமூர்த்தி பிறந்தார். தந்தையார் அரசு மருத்துவர். திருச்சி ஈ.ஆர். உயர்நிலைப் பள்ளியில் கற்றுத் தேர்ந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். பின்னர் 1947இல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். அக்காலத்தில் நம் நாட்டில் மூளை அறுவைக்கெனத் தனிப் பயிற்சி பெற்றோர் மிக அரியர். மண்டையோட்டைத் திறப்பதென்றாலே மக்கள் நடுங்கினர். அரசின் தேர்வு பெற்று இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்குச் சென்ற அவர், ரோபோத்தம் என்னும் வல்லுநரிடம் இத்துறையைக் கற்றார். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டின் பணியையும் அருகிருந்து கண்டார்.

அவர் கற்கச் சென்ற உறுப்பின் அருமையை ஈண்டுச் சிறிது காண்போம். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொரு நரம்பணுவுக்கும் ஓர் உடலும், செய்தியை ஏற்கும் கிளைகளும், செய்தியைக் கடத்தும் ஆக்சான் என்னும் நீண்ட இழையும் உண்டு. முதுகின் அடிப்பகுதியிலிருந்து கால்விரல் நோக்கிச் செல்லும் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கும்.

ஓய்ந்திருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். தூண்டல் போதிய அளவை எட்டியதும் சோடியம் அயனிகள் உள்ளே பாய, மின்நிலை நொடிப்பொழுதினும் குறுகிய காலத்தில் மாறிவிடுகிறது. பொட்டாசியம் அயனிகள் வெளியேறியதும் பழைய நிலை திரும்புகிறது. இந்த மாற்றம் இழை வழியே ஓடுவதே நரம்புச் செய்தி. மயலின் உறை போர்த்த இழைகளில் அது நொடிக்குச் சுமார் 100 மீட்டர் விரைவிலும் செல்லும். இழையின் முடிவில் சினாப்ஸ் என்னும் நுண்ணிய இடைவெளி உண்டு. அதனை வேதிப்பொருள்கள் கடந்து, அடுத்த அணுவுக்குச் செய்தியைச் சேர்க்கின்றன. சுடு தோசைக்கல்லைத் தொட்ட கை, வலியை நாம் உணருமுன்னே பின்வாங்குவது தண்டுவடம் இட்ட கட்டளையால் ஆகும்.

உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடல் கொள்ளும் ஆக்சிசனில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே கொள்கிறது. சேமித்து வைக்கும் ஆற்றலோ அதற்கில்லை. குருதி ஓட்டம் நின்றால் சில நிமிடங்களிலேயே நரம்பணுக்கள் மடியத் தொடங்கும். தலையில் அடிபட்டவரின் மண்டையோட்டினுள் குருதி கட்டினால், விரிய இடமின்றி மூளை நசுங்கும். எனவே மூளை மருத்துவர் நோயோடு மட்டுமன்றிக் கடிகாரத்தோடும் போராட வேண்டியவர் ஆகிறார்.

பத்தாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி தம் நூலில் மண்டையோட்டு முறிவுகளுக்கான மருத்துவத்தை எழுதிவைத்தார். அந்நெடிய மரபின் புதிய கண்ணி நம் மண்ணில் 1949இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியால் தொடங்கியது. மறு ஆண்டு, 1950 அக்டோபரில், சென்னை அரசு பொது மருத்துவமனையில் இராமமூர்த்தி நரம்பியல் அறுவைப் பணியைத் தொடங்கினார். ஊடுகதிர்க் கணினி வரைபடம் போன்ற கருவிகள் பிறவாத காலம் அது. நோயாளியின் கண்பாவையையும், கை கால் அசைவையும், பேச்சையும் நுணுகி நோக்கியே நோயின் இடத்தைக் குறிக்க வேண்டியிருந்தது. ஏழை எளியோர் நாடிவந்த அரசு மருத்துவமனையில் அவர் இப்பணியை வளர்த்தார் என்பது சிறப்பாகப் போற்றத்தக்கது.

நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால் நடுக்குவாத நோய் தோன்றுகிறது. அதற்கு ஏற்ற மருந்து பரவாத நாளில், தலையில் சட்டம் பொருத்தி, ஆழத்தைக் கணித்து, மெல்லிய ஊசியால் குறித்த புள்ளியை அடையும் அறுவைமுறையைச் சென்னைக் குழுவினர் கையாண்டனர். டாக்டர் வி. பாலசுப்பிரமணியம் இதில் அவருடைய துணைவர். ஆசியாவின் முதற் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவரான டாக்டர் டி.எஸ். கனகாவும் அக்குழுவில் உருவானவரே.

தாம் கற்றதைத் தம்மோடு முடியவிடவில்லை அவர். 1951இல் இந்திய நரம்பியல் கழகத்தைத் தோற்றுவித்த நால்வருள் ஒருவராய் விளங்கினார். டாக்டர் பி.என். தாண்டனுடன் இணைந்து மாணவர்க்கான நரம்பியல் அறுவைப் பாடநூலைப் பதிப்பித்தார். சென்னையில் நரம்பியல் நிறுவனம் உருவாகவும், ஓய்வுக்குப் பின் அடையாறு தன்னார்வ நல மருத்துவப் பணி மையத்தில் நரம்பியல் அறுவைப் பிரிவு தழைக்கவும் உழைத்தார். யோகம், உணர்வுநிலை ஆகியவற்றையும் அறிவியல் கண்கொண்டு ஆராய்ந்தார். 1973இல் பத்மபூஷண் விருது அவரைத் தேடிவந்தது. 2003 டிசம்பர் 13இல் அவர் மறைந்தார்.

இன்று அவர் வரலாற்றைத் துவாக்குடியில் இருந்து எழுதுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. நம் ஊரின் ஊடே தஞ்சை நெடுஞ்சாலை செல்கிறது. அதில் தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு விரையும் இளைஞரை நாள்தோறும் காண்கிறோம். தன் மாணவனுக்கான இரங்கல் கூட்டத்தில் தலைகவிழ்ந்து நிற்கும் துயரம் ஆசிரியர் பலருக்கும் புதிதன்று. அறுவை மருத்துவர் எத்துணை வல்லவராயினும் எஞ்சிய நரம்பணுக்களைத்தான் காக்க இயலும். மாண்டவற்றை மீட்க இயலாது. எஞ்சியதைக் காக்கவே ஒரு மேதை அரை நூற்றாண்டு உழைத்தார். முழுமையாக இருப்பதைக் காப்பதோ நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. இறைவன் ஒரே முறை வழங்கிய இவ்வருட்கொடையைப் பேணுவதே மாணவ உலகம் அம்மேதைக்குச் செலுத்தும் உண்மையான நன்றிக்கடனாகும்.